வேல்ஸ் பள்ளிகளில் வெல்ஷ் வரலாறும் இலக்கியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு வேல்ஸில் ஓர் ஆங்கில வழி மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கிற கேள்விகளும், புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். இதுவரை ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

வேல்ஸ் வரலாற்றைத் தனியாக எதற்குக் கற்பிக்க வேண்டும்? பிரிட்டன் வரலாற்றிலேயே வந்துவிடாதா?

வராது. ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் போர்டில் 1066 என்று எழுதிக் காட்டினால் பத்துக் கைகள் உயரும். ஹேஸ்டிங்ஸ் போர், நார்மன்கள், அம்பு பட்ட கண் எல்லாம் வரும். பக்கத்தில் 1282 என்று எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடும். வேல்ஸின் இளவரசர் லவெலின் அப் கிரிஃபித் கில்மெரியில் கொல்லப்பட்ட ஆண்டு அது. வேல்ஸ் தன் ஆட்சியை இழந்த ஆண்டு. கில்மெரி வேல்ஸுக்கு நடுவில் இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடற்கரையில் இருக்கிறது.

எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஹென்றியின் காலத்தில், 1536-இல் வந்த சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தது, நீதிமன்றங்களின் மொழியை ஆங்கிலமாக்கியது, வெல்ஷ் மட்டும் பேசுகிறவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றது. இங்கே வாழும் பிள்ளையின் வாழ்க்கையை இன்றும் தொடுவது எது, மனைவிகளின் கணக்கா, அந்தச் சட்டமா? பிரிட்டன் வரலாறு என்ற பெயரில் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் இங்கிலாந்தின் வரலாறு. அதில் வேல்ஸ் ஓரத்தில் எப்போதாவது எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

புதிய பாடத்திட்டம் என்ன சொல்கிறது?

2022 செப்டம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த வேல்ஸ் பாடத்திட்டம் கற்றலை ஆறு துறைகளாகப் பிரிக்கிறது. வரலாறு, புவியியல், சமயம் போன்றவை மானுடப் பாடங்கள் (ஹியூமானிட்டீஸ்) என்ற ஒரே துறைக்குள் வருகின்றன. வெல்ஷ், ஆங்கிலம், பிற மொழிகள், இலக்கியம் எல்லாம் மொழித் துறைக்குள். பிள்ளைகள் தங்கள் ஊரின் கதையையும் வேல்ஸின் கதையையும் உலகத்தின் கதையையும் தொடர்ந்து கற்க வேண்டும் என்பது கட்டாயம். கறுப்பின, ஆசிய, சிறுபான்மை மக்களின் வரலாறும் இதில் கட்டாயமாகச் சேர்ந்தது. பிரிட்டனின் நான்கு நாடுகளில் இதை முதலில் செய்தது வேல்ஸ்தான்.

ஆனால் எந்தப் போரை, எந்த மன்னரை, எந்தக் கவிதையை எடுக்க வேண்டும் என்ற பட்டியல் கிடையாது. அதைப் பள்ளியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பட்டியல் இல்லை என்பது நல்லதா, கெட்டதா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பட்டியல் இல்லாததால் ஒரு பிள்ளை பதினாறு வயது வரை ஓவைன் கிளிண்டூர் என்ற பெயரையே கேட்காமல் போக வாய்ப்புண்டு. 1400-இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்தவர் அவர். 1404-இல் மஹன்லெத் ஊரில் நாடாளுமன்றம் கூட்டியவர். வேல்ஸுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று 1406-இல் பிரான்ஸ் மன்னருக்கு எழுதியவர். அவர் பெயர் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் பட்டியல் வேண்டாம் என்பதே என் கட்சி. பட்டியல் வந்தால் அதை முடிப்பதே வேலையாகிவிடும். அதற்குப் பதில் புதிய திட்டம் கொடுத்திருக்கும் சொல் 'கனெவின்'. ஆடுமாடுகள் தங்களுடையதாகப் பழகிக்கொண்ட மேய்ச்சல் நிலத்துக்கும் வெல்ஷில் இந்தச் சொல் உண்டு. வேலி இல்லாவிட்டாலும் ஆடு அந்த மலைச்சரிவை விட்டுப் போகாது. மனிதர்களுக்குச் சொல்லும்போது, நாம் பிறந்து வளர்ந்து பழகிய இடம், நாம் யார் என்று நமக்குச் சொல்லும் இடம். அங்கிருந்து தொடங்கு என்கிறது பாடத்திட்டம்.

சரி, நடைமுறையில் அங்கிருந்து எப்படித் தொடங்குவது?

ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். வடக்கு வேல்ஸில் பெத்தெஸ்தா என்ற ஊர் இருக்கிறது. மலையை வெட்டிக் கூரைக்கான கற்பலகை எடுக்கும் ஊர். பென்ரின் பிரபுவின் சுரங்கத்தில் 1900 முதல் 1903 வரை மூன்று ஆண்டுகள் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. சங்கம் வைக்கும் உரிமைக்கான போராட்டம். நடுவில் சிலர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பாதவர்கள் ஜன்னலில் ஓர் அட்டையை வைத்தார்கள். 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷில் அச்சடித்த அட்டை.

நான் அந்த அட்டையின் பிரதியைத்தான் மேஜையில் வைக்கிறேன். சங்கம், கூலி, பிரபு எதையும் முதலில் சொல்வதில்லை. இதை ஜன்னலில் வைக்கும் வீட்டில் மாலை எப்படி இருந்திருக்கும்? வைக்காத வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு எப்படிப் போயிருக்கும்? வேலைக்குத் திரும்பிய அப்பாவுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பிறகு அவர்களே கேட்பார்கள், எதற்காக வேலைநிறுத்தம் என்று. அந்தக் கேள்வி வந்த பிறகு சொல்லும் பாடம்தான் நிற்கும்.

உங்கள் ஊரில் வேறு ஏதாவது இருக்கும். பழைய சாப்பல் (சிறு தேவாலயம்), போர் நினைவுத்தூண், மூடிய சுரங்கத்தின் சக்கரம், ஒரு தெருப் பெயர். பெத்தெஸ்தா என்ற ஊர்ப் பெயரே அங்கே இருந்த சாப்பலின் பெயர்தான்.

வரலாற்றையும் இலக்கியத்தையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்?

வேல்ஸில் இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால். மன்னர்களின் அவையில் கவிஞர் என்பது ஒரு பதவி. பத்தாம் நூற்றாண்டின் ஹவெல் தா என்ற மன்னரின் பெயரைத் தாங்கிய சட்டங்களில் அவைக்கவிஞருக்கு உரிய இடமும் மரியாதையும் எழுதப்பட்டிருக்கின்றன. நாட்டுக்கு நேர்ந்ததைக் கவிதையில் பதிவு செய்வது அவர்களின் வேலை.

1282 டிசம்பர் 11-ஆம் தேதி லவெலின் கொல்லப்பட்டார். தலையை வெட்டி லண்டனுக்குக் கொண்டுபோய்க் கோபுரத்தில் வைத்தார்கள். இதைப் பாடப்புத்தகம் மூன்று வரியில் சொல்லும். பிள்ளை படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும்.

கிரிஃபித் அப் அர் அனத் கோச் என்ற கவிஞர் லவெலினுக்காகப் பாடிய கையறுநிலைப் பாட்டை அடுத்து வைத்துப் பாருங்கள். காற்றும் மழையும் போகும் போக்கைப் பார்க்கவில்லையா, ஓக் மரங்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கவில்லையா, கடல் நிலத்தை அரிப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே போகிறார். உலகமே முடிந்துபோகட்டும் என்ற நிலை. அந்தப் பாட்டின் வரி முடிவுகளில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது, நம் 'ஔ' மாதிரி ஒன்று. ஒப்பாரியில் இழுக்கும் ஒலிபோலக் காதில் விழும். வெல்ஷ் ஆசிரியர் ஒருவரை அழைத்து மூலத்தில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுவேன். ஒரு சொல்கூடப் புரியாத பிள்ளைகளும் யாரோ செத்துவிட்டார் என்று சொல்லிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு, வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் கட்டிய கேர்னார்வன், கான்வி, ஹார்லெக் கோட்டைகளின் படத்தைக் காட்டினால், அதே பிள்ளைகள் அவற்றைச் சுற்றுலாத் தலமாகப் பார்ப்பதில்லை. இவ்வளவு பெரிய சுவர் யாருக்குப் பயந்து கட்டியது என்று கேட்கிறார்கள். தேதியும் சட்டமும் என்ன நடந்தது என்று சொல்லும். அது எப்படி வலித்தது என்பதைக் கவிதைதான் சொல்லும். ஒரே பாடவேளையில் இரண்டும் இருக்க வேண்டும்.

'வெல்ஷ் நாட்' என்றால் என்ன? அதை வகுப்பில் எப்படி எடுப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில் இருந்த ஒரு சின்ன மரத்துண்டு. அதில் டபிள்யூ, என் என்ற இரண்டு எழுத்துகளோ 'வெல்ஷ் நாட்' (வெல்ஷ் கூடாது) என்ற சொற்களோ செதுக்கியிருக்கும், கழுத்தில் மாட்டக் கயிறு இருக்கும். பள்ளிக்குள் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மாட்டுவார்கள். அந்தப் பிள்ளை, வேறு யாராவது வெல்ஷ் பேசுவதைக் கேட்டால், அதை அவர்களுக்கு மாற்றிவிடலாம். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி.

கொடுமை எங்கே இருக்கிறது பாருங்கள். அடிப்பது ஆசிரியர். பிடித்துக்கொடுப்பதோ கூடப் படிக்கும் தோழன். வேறு மொழியே தெரியாத பிள்ளை தப்பிக்க வேண்டுமானால் நண்பனின் வாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு இந்தப் பாடத்தை எடுப்பது எளிதல்ல. நான் படித்த ஆங்கில வழிப் பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம். யார் பேசினார்கள் என்று பெயர் எழுதிக்கொடுக்க ஒரு மாணவத் தலைவி. அந்த வேலையை நானும் ஒரு பருவம் செய்திருக்கிறேன், எழுதிக்கொடுத்த பெயர்கள் இன்றும் நினைவிருக்கின்றன.

வகுப்புக்கு வருவோம். ஒரு மரத்துண்டைச் செய்து பிள்ளைகள் கழுத்தில் மாட்டி நடித்துக் காட்டும் பழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டப்படும் பிள்ளைக்கு அது அவமானம், மற்றவர்களுக்கு விளையாட்டு. இரண்டுமே பாடத்தைக் கெடுக்கும். மேஜையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பேசுங்கள். போதும்.

வரலாற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'வெல்ஷ் நாட்' மரத்துண்டை லண்டன் அரசு சட்டம் போட்டு மாட்டச் சொல்லவில்லை. எல்லாப் பள்ளிகளிலும் அது இருந்ததும் இல்லை. பல இடங்களில் பெற்றோரும் சம்மதித்தார்கள். ஆங்கிலம் வந்தால் பிள்ளை சுரங்கத்துக்குப் போக வேண்டியிருக்காது என்று அவர்கள் நம்பினார்கள். ஒரு பிள்ளை, பெற்றோரே ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்கும் இடம்தான் இந்தப் பாடத்தின் மையம். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் கதை அங்கே முடியவும் இல்லை. லனிவ்ஹ்லின் என்ற சிற்றூரில் அந்த மரத்துண்டைக் கழுத்தில் சுமந்ததாக எழுதிவைத்த ஓவன் எட்வர்ட்ஸ் என்ற பையன், வளர்ந்து 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் ஆனார். வெல்ஷை வகுப்பறைக்குள் கொண்டுவர உழைத்தார். அவர் மகன் 1922-இல் 'இர்த்' என்ற வெல்ஷ் இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே மகன் 1939-இல் அபெரிஸ்ட்வித் நகரில் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியை ஏழே ஏழு பிள்ளைகளோடு ஆரம்பித்தார். இன்று இர்த் நடத்தும் கலைவிழாவுக்கு என் மாணவர்களும் பஸ் ஏறிப் போகிறார்கள்.

1847-இன் நீல நூல்கள் பற்றியும் சொல்ல வேண்டுமா?

வேண்டும், ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு. வேல்ஸின் பள்ளிகளை ஆராய அரசு அனுப்பிய மூன்று ஆணையர்கள் எழுதிய அறிக்கைதான் நீல நூல்கள். அவர்களில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. பள்ளிகள் மோசமாக இருந்தன என்று அவர்கள் எழுதியதில் உண்மை இருந்தது. கூடவே வெல்ஷ் மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்றும், மக்கள், குறிப்பாகப் பெண்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்றும் எழுதினார்கள். 'நீல நூல்களின் துரோகம்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அறிக்கையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, எது கண்ணால் கண்டது, எது அபிப்பிராயம் என்று இரண்டு நிறங்களில் கோடிடச் சொல்லுங்கள். சான்றுகளை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

மாபினோகிக் கதைகளில் இவ்வளவு வன்முறை இருக்கிறதே, பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், வயது பார்த்து. பதினான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துச் சுவடிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் கதைகள் இவை. அதற்கும் முன்னே வாய்மொழியாக வந்தவை.

இவற்றின் பகுதிகளைக் கிளை என்பார்கள். இரண்டாம் கிளையில் பிரன்வென் என்ற வேல்ஸ் இளவரசி அயர்லாந்து மன்னருக்கு மணமாகிப் போகிறாள். அவளுடைய அரைச்சகோதரன் ஒருவன், தன்னைக் கேட்காமல் திருமணம் பேசிவிட்டார்கள் என்ற கோபத்தில் விருந்தாளியின் குதிரைகளைச் சிதைத்துவிடுகிறான். அதற்கான தண்டனை அயர்லாந்தில் அவள் தலையில் விழுகிறது. அடுக்களைக்கு அனுப்பப்படுகிறாள், தினமும் கசாப்புக்காரனிடம் அறை வாங்குகிறாள். அங்கே மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் ஒரு பறவையை வளர்த்து அதற்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். ஸ்டார்லிங், நம் மைனாவின் குடும்பம். அதன் சிறகடியில் கடிதத்தைக் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள்.

ராட்சத உருவம் கொண்ட அண்ணன் பிரான் கடலில் நடந்தே வருகிறான். பாலம் இல்லாத ஆற்றின் குறுக்கே தானே படுத்துக்கொள்ள, படை அவன் மேல் ஏறிக் கடக்கிறது. தலைவனாக இருப்பவன் பாலமாக இருக்கட்டும் என்று அவன் சொல்வது இன்று வெல்ஷில் பழமொழி, பல பள்ளிகளில் சுவரில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பறவையோடும் பாலத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். பதினான்கு வயதினருக்கு முழுக்கதையையும் கொடுங்கள். அதில் ஒரு கொப்பரை வருகிறது. செத்த வீரர்களை அதில் போட்டால் மறுநாள் உயிரோடு எழுந்து சண்டையிடுவார்கள், ஆனால் பேச மாட்டார்கள். போரிலிருந்து திரும்பிய தாத்தா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை என்று ஒரு மாணவி இந்த இடத்தில் சொன்னாள். கடைசியில் ஊர் திரும்புவது ஏழு பேர்தான். இரண்டு தீவுகளும் தன்னால் அழிந்தன என்று நெஞ்சு வெடித்துச் சாகிறாள் பிரன்வென். அது அவள் தவறுதானா என்று வகுப்பில் கேளுங்கள். மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள்.

வெல்ஷ் தெரியாத பிள்ளைக்கு வெல்ஷ் கவிதை எப்படிப் புரியும்?

அரசுப் பள்ளிகளில் பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் வெல்ஷை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ஆனாலும் ஆங்கில வழிப் பள்ளியில் கவிதை படிக்கும் அளவுக்கு வருவது அபூர்வம். அதனால் மொழிபெயர்ப்பு தேவை. ஆனால் மொழிபெயர்ப்போடு நின்றுவிட்டால் பாதி போய்விடும், ஏனென்றால் வெல்ஷ் மரபுக் கவிதையின் உயிர் ஒலியில் இருக்கிறது.

'கங்ஹனெத்' என்பது அதன் யாப்பு முறை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மோனை, எதுகை தெரியும் என்பதால் நான் இப்படி விளக்குவேன். 'கடல் மாலை, கூடல் மேலே' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பாதியிலும் க, ட, ல, ம, ல என்று மெய்கள் அதே வரிசையில் வருகின்றன. உயிர்கள் மட்டும் மாறுகின்றன. கங்ஹனெத்தின் ஒரு வகை ஏறத்தாழ இதுதான். இதில் நான்கு வகை இருக்கிறது, அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. வரிக்கு வரி அப்படி அமைத்து, பொருளும் கெடாமல் பதினான்காம் நூற்றாண்டில் தாவித் அப் க்விலிம் காதலையும் காற்றையும் பாடியிருக்கிறார். பப்பிலும் வானொலியிலும் இன்றும் இதில் போட்டி நடக்கிறது.

வகுப்பில் ஆங்கிலத்திலோ தங்கள் வீட்டு மொழியிலோ ஒரே ஒரு வரி அப்படி எழுதச் சொல்லுவேன். அரை மணி நேரத்தில் ஒரு வரி வந்தால் பெரிய விஷயம். அதற்குப் பிறகு அந்தக் கவிஞர்கள் மேல் வரும் மரியாதை வேறு.

ஆங்கிலத்தில் எழுதிய வேல்ஸ் எழுத்தாளர்களையும் விட்டுவிடாதீர்கள். டிலன் தாமஸ், ஆர். எஸ். தாமஸ், கில்லியன் கிளார்க் எல்லோரும் இந்த மண்ணின் இலக்கியம்தான். வெல்ஷில் எழுதியவர்களில் கேட் ராபர்ட்ஸை மொழிபெயர்ப்பிலாவது படிக்க வையுங்கள். கற்சுரங்கக் குடும்பங்களின் வறுமையை அவர் அளவுக்குச் சத்தமில்லாமல் எழுதியவர்கள் குறைவு.

ட்ரவெரின் பாடம் ஆங்கிலேயர் மேல் வெறுப்பை வளர்க்காதா?

எடுக்கும் விதத்தில் இருக்கிறது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வடக்கு வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965-இல் காபெல் கெலின் என்ற கிராமம், அதன் பள்ளி, அஞ்சலகம், சாப்பல், இடுகாடு எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். 48 பேர் வீட்டை இழந்தார்கள்.

48 பேர்தானா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அதைத் தடுக்காதீர்கள். லிவர்பூலின் லட்சக்கணக்கான மக்களுக்குத் தண்ணீர் வேண்டாமா என்றும் கேட்கட்டும். லிவர்பூலிலேயே பெரிய வெல்ஷ் சமூகம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். 1956-இல் கிராமத்து மக்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போன புகைப்படத்தைக் காட்டுங்கள். 2005-இல் லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. யாரிடம் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களே வந்துசேர்வார்கள். நிலமும் ஊரும் பறிபோவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது என்று அவர்களுக்குத் தெரியும், சிலருக்குச் சொந்த அனுபவமே உண்டு. லனரிஸ்டிட் அருகே சாலையோரத்து இடிந்த சுவரில் 'ட்ரவெரினை நினைவில் கொள்' என்று எழுதியிருப்பது எதற்கு என்று அதன் பிறகு சொன்னால் போதும்.

அபர்வான் விபத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

1966 அக்டோபர் 21-ஆம் தேதி காலை, நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை சொன்னது. தப்பிப் பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பதினொரு வயதுக்குக் கீழே நான் எடுப்பதில்லை. மேலே எடுக்கும்போதும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இடிபாட்டுப் படங்களைக் காட்ட மாட்டேன்.

நாங்கள் தமிழ்க் குடும்பம். எங்கள் பிள்ளைக்கு இந்த வரலாற்றில் என்ன இருக்கிறது?

இது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வெல்ஷ்பூல் ஊருக்கு அருகில் போவிஸ் கோட்டைக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வாருங்கள். திப்பு சுல்தானின் கூடாரம் அங்கே இருக்கிறது. அவருடைய சிம்மாசனத்தில் இருந்த பொன் புலித்தலைகளில் ஒன்றும் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு வந்தவை. வந்தது ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் வழியாக. அவர் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801-இல். இரண்டும் அவர் ஆளுநராக இருந்தபோதுதான்.

இதை வகுப்பில் சொன்ன ஒரு நாள், எப்போதும் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் ஒரு தமிழ்ப் பையன் எழுந்து, தாத்தா சொன்ன கட்டபொம்மன் கதையை ஐந்து நிமிடம் சொன்னான். வெல்ஷ் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

வேல்ஸ் ஒடுக்கப்பட்ட நாடு என்ற பக்கத்தை மட்டும் சொன்னால் கதை முழுமையாகாது. பென்ரின் பிரபுக் குடும்பத்தின் செல்வத்தில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய உழைப்பு இருக்கிறது. அந்தப் பணம் பெத்தெஸ்தாவின் சுரங்கத்துக்குள் போனது. துறைமுகத்தை நம்பி உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் கார்டிஃபின் பியூட்டவுனில் குடியேறினார்கள். அங்கே வளர்ந்த பெட்டி காம்பெல் வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர் ஆனார், தன் பள்ளியில் கறுப்பின வரலாற்றைக் கற்பித்தார். 2021 முதல் கார்டிஃப் நகர மையத்தில் அவர் சிலை நிற்கிறது. வேல்ஸின் கதைக்குள் வெளியிலிருந்து வந்தவர்கள் வெகுநாளாக இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை அதில் விருந்தாளி இல்லை.

எங்களுக்கு வெல்ஷ் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், அதுவே பாதி. வெல்ஷில் இரட்டை டி வந்தால் 'அது', 'இது' என்பதில் வரும் த. ஒற்றை எஃப் வந்தால் வ. டபிள்யூ பல இடங்களில் உ, ஊ என்ற உயிரெழுத்து. இரட்டை எல் மட்டும் நம்மிடம் இல்லாத ஒலி. ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் விட வேண்டும். நம் ழவுக்கு அவர்கள் படும் பாட்டை இதற்கு நாம் படலாம்.

கார்டிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வேல்ஸ் முழுவதிலுமிருந்து பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பழைய பள்ளிக்கூடமும் உண்டு. தேசிய நூலகத்தின் இணையத் தளத்தில் 1919 வரையிலான வேல்ஸ் செய்தித்தாள்களை இலவசமாகத் தேடிப் படிக்கலாம். உங்கள் தெருவின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

தேர்வுக்கு இதெல்லாம் வருமா?

பதினான்கு வயதுக்குப் பிறகு வரலாறு விருப்பப் பாடம். எடுக்கிற பிள்ளைக்குப் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் வேல்ஸ் தொடர்பான பகுதி இருக்கிறது. எடுக்காத பிள்ளைக்கு அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்தான் வாய்ப்பு. அதனால்தான் அந்த ஆண்டுகளை வீணாக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும். எதை எடுப்பது?

ஒரு நாற்காலியை வகுப்பின் முன்னால் போட்டுக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது எதுவும் சொல்லாதீர்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் 'ஃப்ளூர் டி லிஸ்' என்று கூப்பிடுங்கள். யாரும் எழ மாட்டார்கள். இன்னும் இரண்டு முறை கூப்பிடுங்கள்.

1917 செப்டம்பர் 6-ஆம் தேதி பர்கன்ஹெட் நகரில் நடந்த தேசிய ஐஸ்தெத்வோத் என்ற வெல்ஷ் கலைவிழாவில் நடந்தது இதுதான். மரபுக் கவிதைப் போட்டியில் வென்றவருக்கு நாற்காலி கொடுப்பது வழக்கம். வென்றவர் அந்தப் புனைபெயரில் அனுப்பியிருந்தார். எக்காளம் ஊதியும் யாரும் எழவில்லை. அவர் ட்ரவ்ஸ்வனித் ஊரின் மலைப் பண்ணையில் ஆடு மேய்த்த எல்லிஸ் எவன்ஸ், கவிஞர் வட்டாரத்தில் ஹெத் வின். ஐந்து வாரத்துக்கு முன், ஜூலை 31-ஆம் தேதி பெல்ஜியத்தில் பாஷண்டேல் போரின் முதல் நாளில் இறந்துபோயிருந்தார். நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அதைச் செதுக்கியவர் அதே போரால் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த ஒரு தச்சர்.

இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மீதி நேரத்தில் அவர் போரைப் பற்றி எழுதிய சின்னக் கவிதையை மொழிபெயர்ப்பில் ஒருமுறை, மூலத்தில் ஒருமுறை வாசியுங்கள். அப்புறம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, பண்ணையில் இருந்த அவருடைய அம்மாவுக்கு விழாக் குழு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். நாற்காலி இன்றும் அந்தப் பண்ணை வீட்டில்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள், முன்னால் சொன்னால் கடிதத்தின் கனம் குறைந்துவிடுகிறது. மணி அடித்ததும் துணியை மடித்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வகுப்புக்கு அந்த நாற்காலி தேவைப்படும்.